பென்குயினும் கணவாயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலைகளிலும் ஊர் வாசிகசாலைகளிலும் கடல் உயிரினங்களைப் பற்றிப் பேசப் போகிற இடமெல்லாம், பென்குயின் என்று வாயெடுத்ததும் கேள்விகள் கணவாய்ப் பக்கம் திரும்பிவிடுகின்றன. யாழ்ப்பாணக் கரையோரத்தில் குருநகரிலும் பாசையூரிலும் மயிலிட்டியிலும் வளர்கிற பிள்ளைகளுக்குக் கணவாய் படத்தில் மட்டும் பார்த்த பிராணி அல்ல. அதை வெட்டிக் கழுவத் தெரிந்தவர்கள் அவர்கள். அதனால் அவர்களுடைய சந்தேகங்கள் கூர்மையாக இருக்கும், மேலோட்டமான பதிலுக்கு அடங்காது. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் மேலே உள்ள பதிலைச் சுட்டியிருக்கிறேன். எண் இட்டிருப்பது அதற்காகத்தான்.

1. சேர், பென்குயின் மீன்தானே சாப்பிடும்? கணவாயும் சாப்பிடுமா?

சாப்பிடும். தென்துருவக் கடலில் பென்குயின்களின் உணவு பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்: மீன், கிரில், கணவாய். இவற்றில் எது எவ்வளவு என்பது பென்குயினின் இனத்தையும், அது வாழும் கரையையும், ஆண்டின் பருவத்தையும் பொறுத்து மாறும். பல இனங்களுக்குக் கணவாய் மூன்றாம் இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் சில இடங்களில், சில மாதங்களில், அது உணவின் பெரிய பங்காகிவிடுகிறது. “பென்குயினின் உணவு மீன்” என்று ஒற்றை வரியில் முடிக்கும் பாடக்குறிப்புகள் மறைப்பது இந்த மாற்றத்தைத்தான்.

2. கிரில் என்றால் நம்முடைய இறாலா?

இறாலின் உறவு, ஆனால் இறால் அல்ல. அந்தாட்டிக்கக் கிரில் வளர்ந்தால் ஏறத்தாழ 6 சென்றிமீற்றர் நீளமும் 2 கிராம் வரை எடையும் இருக்கும். பெருங்கூட்டமாக நீந்தும். திமிங்கிலம், கடல்நாய், பென்குயின், மீன், கணவாய் என்று எல்லாமே அதைத் தின்கின்றன. கணவாயும் கிரிலைத் தின்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் பதில்களில் தேவைப்படும்.

3. நாங்கள் கூழுக்குப் போடுகிற அதே கணவாயா அங்கேயும் இருக்கிறது?

இல்லை. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் ஆழம் குறைந்தது, நீர் வெதுவெதுப்பானது. நம் வலையில் வருபவை அந்தச் சூட்டுக்கும் அந்த ஆழத்துக்கும் பழகிய இனங்கள். ஓடுள்ள கணவாய், அதாவது உள்ளே வெள்ளை ஓடு இருக்கும் வகை, துருவக் கடல்களில் கிடையாது. அங்கே இருப்பவை ஊசிக்கணவாயைப் போல உள்ளே மெல்லிய கண்ணாடித் தகடு மட்டும் உள்ளவை. பேய்க்கணவாய்களும் அங்கே நிறைய உண்டு. அவை பெரும்பாலும் கடலடியில் வாழ்பவை.

பென்குயின்களின் வயிற்றில் அடிக்கடி காணப்படும் பெயர்கள் நமக்குப் புதியவை. சைக்ரோதியூதிஸ் கிளேசியாலிஸ் என்பது பனிக்கடலுக்கே உரிய கணவாய். அலூரோதியூதிஸ் இன்னொன்று. கொண்டகோவியா லொங்கிமானா என்பது உடற்கூடு, அதாவது தலையும் கால்களும் நீங்கலான உடல், மட்டும் முக்கால் மீற்றருக்கு மேல் வளரக்கூடிய பெரிய இனம். பென்குயின் தின்பது அதன் இளம் பருவத்தை.

4. வட துருவத்துப் பென்குயின்களும் இப்படித்தானா?

வட துருவத்தில் பென்குயின் இல்லை. பனிக்கரடியும் பென்குயினும் பக்கத்தில் நிற்கும் படங்கள் கற்பனை. வட அத்திலாந்திக்கில் பறக்க முடியாத, பென்குயினைப் போலத் தோன்றும் பெரிய ஓக் என்ற பறவை வாழ்ந்தது. வேட்டையாடப்பட்டு 1844இல் அழிந்துபோனது. அது வேறு குடும்பம். இந்தப் பக்கம் முழுவதும் தென்துருவத்தையும் அதைச் சூழ்ந்த தீவுகளையும் பற்றியது.

5. எந்தப் பென்குயின் கணவாயை அதிகம் தின்கிறது?

ஆழமாக மூழ்கக்கூடிய பெரிய பென்குயின்கள் இரண்டும் முன்னுக்கு வருகின்றன. முதலாவது சக்கரவர்த்திப் பென்குயின். அந்தாட்டிக்காவின் கரையோரக் கடற்பனியில் குஞ்சு பொரிப்பது. றொஸ் கடலில் அதன் வயிற்றைப் பரிசோதித்தபோது எடையில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு மீனே இருந்தது. அதிலும் முக்கியமானது அந்தாட்டிக்க வெள்ளி மீன். கணவாய் மிகச் சிறிதளவுதான். அதே இனம் வெடெல் கடலின் கிழக்குப் பக்கத்தில் கோடையின் பிற்பகுதியில் கணவாயை நன்றாகவே தின்றிருந்தது. மூன்றாம் பதிலில் சொன்ன மூன்று இனங்களும் அங்கே கிடைத்தன. பறவை ஒன்றே, கடல் வேறு, பருவம் வேறு, உணவும் வேறு.

இரண்டாவது அரசப் பென்குயின். இது துருவத்துக்குச் சற்று வடக்கே, தென் ஜோர்ஜியா, குரோசெட், மக்குவாரி போன்ற தீவுகளில் வாழ்கிறது. கோடையில் அதன் உணவு ஏறத்தாழ முழுவதும் லாந்தர் மீன். உடலில் ஒளிப்புள்ளிகள் கொண்ட சிறிய ஆழ்கடல் மீன் அது. குளிர்காலத்தில் அந்த மீன் எளிதாகக் கிடைக்காதபோது கணவாயின் பங்கு கூடுகிறது. குரோசெட் தீவுகளில் குளிர்காலத்தில் குஞ்சுகளுக்குக் கொண்டுவரப்பட்ட உணவை ஆராய்ந்தபோது இது தெளிவாகத் தெரிந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடேலிப் பென்குயினுக்குக் கிரிலும் வெள்ளி மீனும் முக்கியம், கணவாய் சிறிதளவு. தாடையின் கீழ்க் கறுப்புக் கோடு உள்ள சின்ஸ்ட்ராப் பென்குயின் ஏறத்தாழ முழுவதும் கிரிலையே நம்பி வாழ்கிறது. ஜென்ரூப் பென்குயின் கிடைத்ததைத் தின்னும். கிரில், மீன், இடையிடையே கணவாய்.

6. பல் இல்லாத பறவை. கணவாயோ வழுக்கும். நழுவிவிடாதா?

பென்குயினின் வாயைத் திறந்து பார்த்தால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும். நாக்கிலும் மேலண்ணத்திலும் தொண்டையை நோக்கிச் சரிந்த முட்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே போனது பின்னோக்கி வர வழி இல்லை. இரையை அது கடிப்பதும் இல்லை, கிழிப்பதும் இல்லை. முழுதாக விழுங்குகிறது, அதுவும் பெரும்பாலும் நீருக்கடியிலேயே.

முழுதாக விழுங்குவதால்தான் இரையின் அளவுக்கு எல்லை உண்டு. பென்குயின் தின்னும் கணவாய்கள் சிறியவை, அல்லது பெரிய இனங்களின் குஞ்சுகள்.

7. அதற்குக் கணவாயின் ருசி தெரியுமா?

நமக்குத் தெரிவது போலத் தெரியாது. 2015இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, பென்குயின்கள் இனிப்பு, கசப்பு, இறைச்சிச்சுவை ஆகிய மூன்றையும் உணரும் வாங்கிகளை இழந்துவிட்டன என்று காட்டியது. புளிப்பையும் உப்பையும் உணரும் மரபணுக்கள் இருக்கின்றன. கணவாயையும் மீனையும் நாம் விரும்புவது அந்த இறைச்சிச்சுவைக்காகத்தான். வாழ்நாள் முழுவதும் கடலுணவையே தின்னும் பறவைக்கு அந்தச் சுவை எட்டுவதில்லை.

சுவை வாங்கிகள் வேலை செய்யத் தேவையான ஒரு புரதம் கடுங்குளிரில் சரியாக இயங்காது என்பதைக் காரணமாக அந்த ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். பென்குயின்களின் முன்னோர் குளிர்ந்த அந்தாட்டிக்காவில் வாழ்ந்தபோது பயன்படாத புலன் மெல்ல அழிந்திருக்கலாம் என்பது அவர்களுடைய எண்ணம்.

8. தம்பி, வெளிச்சம் வைக்காமல் எங்களுக்கே இரவில் கணவாய் கிடைப்பது கஷ்டம். ஆழத்து இருட்டில் அந்தப் பறவை எப்படிக் காண்கிறது?

கடலில் தொழில் செய்கிறவர்கள் மட்டுமே கேட்கும் கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். முதலில் ஆழத்தைப் பார்ப்போம். சக்கரவர்த்திப் பென்குயின் 564 மீற்றர் வரை மூழ்கியது பதிவாகியிருக்கிறது. 32 நிமிடத்துக்கு மேல் மூச்சடக்கி நீருக்குள் இருந்ததும் பதிவாகியிருக்கிறது. இவை உச்சங்கள், அன்றாட வேட்டை பெரும்பாலும் இதைவிட மிகவும் மேலே நடக்கிறது. அரசப் பென்குயின் 300 மீற்றருக்கும் கீழே போகும். அடேலி போன்ற சிறிய பென்குயின்கள் வழக்கமாகச் சில பத்து மீற்றர் ஆழத்திலேயே இரை தேடுகின்றன. கணவாய் ஏன் பெரிய பென்குயின்களின் வயிற்றில் அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம்.

இனி வெளிச்சம். பென்குயின் கண்ணால்தான் வேட்டையாடுகிறது. அரசப் பென்குயினின் கண்மணி வெயிலில் ஊசித்துளை அளவுக்குச் சுருங்கும். இருட்டில் விரிந்து, கண்ணுக்குள் விழும் ஒளியை 300 மடங்கு வரை கூட்டிக்கொள்ளும். லாந்தர் மீன்களும் ஆழ்கடல் கணவாய்களில் பலவும் தாமே ஒளி உமிழ்கின்றன. அரசப் பென்குயின் பகலில் ஆழமாகவும் இரவில் மேலோட்டமாகவும் மூழ்குகிறது. இரைகள் பகலில் ஆழத்துக்கு இறங்கி இரவில் மேலே ஏறுவதையும், பகலில்தான் ஆழத்துக்குச் சிறிதாவது வெளிச்சம் எட்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஒழுங்கு விளங்கும்.

சக்கரவர்த்திப் பென்குயினுக்கு இன்னொரு உத்தியும் உண்டு. முதுகில் கமரா பொருத்திப் பார்த்தபோது, அது சற்றுக் கீழே மூழ்கி, மேலே பனியின் வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும் மீனைக் கண்டு ஏறிப் பிடித்துவிட்டு மீண்டும் கீழே இறங்கியது.

9. வயிற்றுக்குள் இருப்பதைப் பார்க்கப் பறவையைக் கொல்கிறார்களா? பாவம் இல்லையா?

முன்பு கொன்றார்கள். இப்போது அது தேவையில்லை. றோரி வில்சன் என்ற ஆய்வாளர் 1984இல் திருத்தி அமைத்த முறை பரவலாகக் கையாளப்பட்டது. பறவையைப் பிடித்து, மென்மையான குழாய் வழியாக இளஞ்சூட்டு நீரை வயிற்றுக்குள் விட்டு, தலைகீழாகச் சாய்த்தால் உண்டதை வாளிக்குள் கக்கிவிடும். பறவைக்குச் சிரமம்தான், மறைக்க வேண்டியதில்லை. கொண்டுவந்த உணவில் ஒரு பகுதியை அது இழக்கிறது. ஆனால் உயிரோடு திரும்பிப் போகிறது. பறவையை இன்னும் குறைவாகத் தொந்தரவு செய்யும் வழிகள் பன்னிரண்டாம் பதிலில் வருகின்றன.

10. கக்கியது கூழாகத்தானே இருக்கும்? அதில் கணவாய் எது, மீன் எது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

கணவாய் வெட்டும்போது கால்களுக்கு நடுவில் பிதுக்கி எடுத்து எறிகிற கறுத்த கடினமான துண்டு இருக்கிறதே, அதுதான் சாட்சி. அது கணவாயின் அலகு. மேலலகு, கீழலகு என்று இரண்டு பகுதிகள். கைற்றின் என்ற கடினப் பொருளும் புரதமும் சேர்ந்து இறுகியது. சதை கரைந்து போன பிறகும் அலகு அப்படியே கிடக்கும். மீனுக்கு இந்த வேலையைச் செய்வது அதன் காதுக்கல். தலைக்குள் இருக்கும் சிறிய சுண்ணாம்புக் கல்.

ஒவ்வொரு கணவாய் இனத்துக்கும் அலகின் வடிவம் வேறு. குறிப்பாகக் கீழலகில் வேறுபாடு துலக்கமாகத் தெரியும். அதன் முனையிலிருந்து தாடைக் கோணம் வரையுள்ள நீளத்தை அளந்தால், கணவாயின் உடல் நீளத்தையும் எடையையும் சமன்பாட்டின் மூலம் கணிக்கலாம். இங்கிலாந்தின் மல்கம் கிளார்க், ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் வயிற்றில் கிடைத்த அலகுகளை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து இந்தக் கலைக்கு அடித்தளம் இட்டவர். நகக்கண் அளவான ஒரு துண்டிலிருந்து, யாரும் உயிரோடு கண்டிராத கணவாயின் இனத்தையும் எடையையும் சொல்ல முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

11. ஓர் இடத்தில் கணவாய் பாதி என்று எழுதியிருக்கிறது, இன்னோர் இடத்தில் ஒரு வீதம்கூட இல்லை என்று இருக்கிறது. எது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஐந்தாம் பதிலில் சொன்ன இடமும் பருவமும் ஒரு காரணம். அதைவிட முக்கியமானது எண்ணும் முறை. ஒரு பென்குயினின் வயிற்றில் ஒவ்வொன்றும் 1 கிராம் எடையுள்ள 200 கிரில்களும், 200 கிராம் எடையுள்ள ஒரு கணவாயும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையில் பார்த்தால் கணவாய் அரை வீதம். எடையில் பார்த்தால் சரிபாதி. “எத்தனை வயிறுகளில் கணவாய் இருந்தது” என்று பார்த்தால் நூறு வீதம். ஒரே வயிறு, மூன்று விடைகள். வீதத்தைக் காணும்போது எதன் வீதம் என்று கேட்காமல் நகரக் கூடாது. உயர்தர மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்.

அடுத்தது அலகு செய்யும் குழப்பம். காதுக்கல் வயிற்று அமிலத்தில் விரைவில் கரைகிறது. கிரிலின் மெல்லிய கோதும் சிதைந்துவிடுகிறது. கணவாயின் அலகு வாரக்கணக்கில் வயிற்றிலேயே தங்குகிறது. சில கடற்பறவைகளில் ஐம்பது நாளுக்கு மேலும் தங்கியிருக்கிறது. இன்றைய வயிற்றைத் திறந்தால் இன்றைய மீனும், போன மாதத்திலிருந்து சேர்ந்த கணவாய் அலகுகளும் ஒன்றாகக் கிடக்கும். அவற்றை அப்படியே எண்ணுவது, வீட்டுக் குப்பையில் கிடக்கும் நண்டுக்கோதுகளை எண்ணிவிட்டு இந்த வீட்டில் தினமும் நண்டுதான் என்று முடிவுகட்டுவதற்குச் சமம். பழைய ஆய்வுகள் சிலவற்றில் கணவாயின் பங்கு மிகையாகத் தெரிவது இதனால்தான். இப்போது கவனமானவர்கள் சதை ஒட்டியிருக்கும், விளிம்பு தேயாத புதிய அலகுகளைத் தனியாகவும் தேய்ந்த பழையவற்றைத் தனியாகவும் பிரித்து எண்ணுகிறார்கள்.

பழைய அலகு பயனற்றது என்று நினைக்க வேண்டாம். இன்று என்ன தின்றது என்ற கேள்விக்கு அது உதவாது. சில வாரங்களாக எந்தெந்தக் கணவாய் இனங்களைத் தின்றது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

12. அலகு இப்படிக் குழப்புமானால் வேறு எதை நம்புவது?

ஒன்றை மட்டும் நம்புவதில்லை. பலவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கிறார்கள். சமதானி என்பது ஒரே மூலகத்தின் எடை வேறுபட்ட அணு வகை. நைதரசனின் பாரமான சமதானி உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆயிரத்தில் 3 முதல் 4 பங்கு அளவில் கூடுகிறது. கிரிலை மட்டும் தின்னும் பறவையின் இறகிலும் குருதியிலும் அந்த அளவு தாழ்வாக இருக்கும். கிரிலைத் தின்ற மீனையோ கணவாயையோ தின்னும் பறவையில் உயர்வாக இருக்கும். ஓர் இறகு போதும். வயிற்றைக் கழுவ வேண்டியதில்லை. ஆனால் மீனும் கணவாயும் ஒரே படியில் இருந்தால் இந்த முறையால் அவற்றைப் பிரிக்க முடியாது.

எச்சத்தில் இருக்கும் டீ.என்.ஏ.யைப் படிப்பது இன்னொரு வழி. அலகோ எலும்போ இல்லாத மென்மையான இரையையும் அது காட்டிக்கொடுக்கும். அதிலும் ஒரு சிக்கல்: எச்சத்தில் கிரிலின் டீ.என்.ஏ. இருந்தால், பென்குயின் கிரிலைத் தின்றதா, கிரிலைத் தின்ற கணவாயைத் தின்றதா? இரண்டாம் பதிலில் மனத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வயிற்றுக்குள் வைக்கப்படும் வெப்பமானியும் உண்டு. பறவையின் உடற்சூடு 38 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். விழுங்கிய இரை கடல்நீரின் குளிரோடு வரும். சூடு சட்டென்று இறங்கும் நேரமே விழுங்கிய நேரம். என்ன இரை என்பதை அது சொல்லாது. அதற்குக் கமரா வேண்டும்.

13. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பென்குயின் என்ன தின்றது என்று சொல்ல முடியுமா?

முடியும், இதுவும் அலகின் புண்ணியம். அடேலிப் பென்குயின்கள் கைவிட்டுப்போன பழைய குடியிருப்புகளின் மண்ணுக்குள் மீன்களின் காதுக்கல், எலும்பு, முட்டையோட்டுத் துண்டுகளோடு சைக்ரோதியூதிஸ் கணவாயின் அலகுகளும் கிடைத்திருக்கின்றன. குளிரும் வறட்சியும் அவற்றை நூற்றாண்டுக்கணக்கில் காத்துவைத்திருந்தன.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் எம்ஸ்லியும் வில்லியம் பாட்டர்சனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பழைய முட்டையோடுகளின் சமதானிகளைக் கொண்டு 38,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பார்த்தது. நெடுங்காலம் மேல்படி இரையை, பெரும்பாலும் மீனை, தின்ற அடேலிகள் கடந்த ஏறத்தாழ 200 ஆண்டுகளில் கிரிலுக்கு மாறியிருந்தன. திமிங்கிலங்களையும் கடல்நாய்களையும் மனிதர் கொன்று குவித்ததால் தின்ன ஆளில்லாமல் கிரில் மிஞ்சியதே காரணமாகலாம் என்று அவர்கள் எழுதினார்கள். இன்று நாம் “இயல்பான உணவு” என்று பாடநூலில் எழுதுவதே மனிதர் கை பட்ட பிறகு உருவானதாக இருக்கலாம்.

14. கணவாயில் கொழுப்பு இல்லையே. அந்தக் குளிரில் அதைத் தின்று எப்படித் தாங்கும்?

வீட்டில் சமைக்கிற ஒருவர் கேட்டது, மிகச் சரியான அவதானம். கணவாயின் சதையில் புரதம் நிறைய, கொழுப்பு மிகக் குறைவு. எடைக்கு எடை பார்த்தால் கொழுத்த லாந்தர் மீன் தரும் சக்தியில் ஏறத்தாழப் பாதிதான் கணவாயிலிருந்து கிடைக்கும். கிடைக்கும் போதெல்லாம் அரசப் பென்குயின் லாந்தர் மீனையே நாடுவதன் பின்னணி இது.

ஆனால் நாம் எறிந்துவிடும் பகுதியைப் பென்குயின் எறிவதில்லை. கணவாயின் செரிமானச் சுரப்பியில் எண்ணெய் சேர்ந்திருக்கிறது. முழுதாக விழுங்கும் பறவைக்கு அதுவும் கிடைக்கிறது. தவிர, ஒரு கணவாய்க்கு ஈடாக எத்தனையோ கிரில்களை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடிக்க வேண்டும். ஒரு முறை மூழ்கி ஒரு பெரிய இரையோடு ஏறினால் கணக்கு சரியாகிவிடும்.

சில ஆழ்கடல் கணவாய்கள் மிதப்பதற்காக உடலுக்குள் அமோனியம் உப்பைச் சேர்த்துவைத்திருக்கின்றன. மனிதர் வாயில் வைக்க முடியாது. கடலுயிர்கள் அவற்றையும் தின்கின்றன.

15. கணவாய் உப்பு நிறைந்தது. பென்குயின் குடிக்க நன்னீருக்கு எங்கே போகும்?

கணவாயின் உடல்நீர் கடல்நீருக்குச் சமமான உப்பைக் கொண்டது, கிரிலும் அப்படியே. எலும்பு மீனின் உடலில் உப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே கணவாய் தின்னும் நாளில் பென்குயினுக்கு உப்புச் சுமை கூடும். கண்களுக்கு மேலே உள்ள உப்புச் சுரப்பிகள் குருதியிலிருந்து உப்பைப் பிரித்துச் செறிந்த கரைசலாக மூக்குத்துளை வழியே வெளியேற்றுகின்றன. அலகின் நுனியில் சொட்டும் நீரைப் பார்த்துச் சளி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், அது உப்புநீர். பனியையும் அவ்வப்போது தின்னும்.

16. தண்ணீரே உறைகிற குளிரில் கணவாய் உறைந்துபோகாதா?

கடல்நீர் உறைவது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 1.8 பாகையில். மேலே சொன்னபடி கணவாயின் உடல்நீரும் அதே உப்பு உள்ளது. ஆகவே சுற்றியுள்ள கடல் உறையாத வரை கணவாயும் உறையாது. சிக்கல் மீனுக்குத்தான், அதன் குருதியில் உப்பு குறைவு. அங்குள்ள மீன்கள் பனித்துகள் வளரவிடாமல் தடுக்கும் ஒருவகைப் புரதத்தைக் குருதியில் வைத்திருக்கின்றன. ஆதர் டிவ்ரீஸ் 1960களில் இதைக் கண்டறிந்தார்.

17. பிரமாண்டமான கணவாய் ஒன்று அங்கே இருக்கிறதாமே. அது பென்குயினைத் தின்னுமா?

இருக்கிறது. 1925இல் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் வயிற்றில் கிடைத்த கைப்பகுதிகளைக் கொண்டுதான் முதலில் விவரிக்கப்பட்டது. 2007இல் றொஸ் கடலில் நியூசிலாந்துப் படகொன்றின் தூண்டிலில் வந்தது 495 கிலோகிராம். இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இயல்பான கடலில் உயிரோடு முதன்முதலில் படம்பிடிக்கப்பட்டது 2025 மார்ச்சில், தென் சான்ட்விச் தீவுகளுக்கு அருகே, 600 மீற்றர் ஆழத்தில். அது 30 சென்றிமீற்றர் அளவான குஞ்சு. ஓர் உயிரினத்துக்குப் பெயர் வைத்து நூறு ஆண்டுகள் கழித்து அதன் முகத்தைப் பார்த்திருக்கிறோம்.

பென்குயினின் எதிரி அது அல்ல. கடலில் சிறுத்தைக் கடல்நாயும் ஓர்கா திமிங்கிலமும். கரையில் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஸ்குவா, பெரும் பெட்ரல் ஆகிய பறவைகள்.

18. அங்கேயும் றோலர் போய்க் கணவாயை அள்ளிவிடாதா?

நம் கடலில் றோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், செய்வதைப் பார்த்த வலியோடு கேட்கப்படும் கேள்வி. அந்தாட்டிக்கக் கடல்வாழ் உயிர் வளங்களைப் பாதுகாக்கும் உடன்படிக்கை 1980இல் கையெழுத்தாகி 1982இல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆணைக்குழு அவுஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இருக்கிறது. மனிதர் பிடிப்பதோடு, அந்த இரையை நம்பி வாழும் பறவைக்கும் விலங்குக்கும் உரிய பங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எல்லாக் கடல்களுக்கும் வேண்டிய விதி இது என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே பெரிய தொழிலாக நடப்பது கிரில் பிடித்தலும் பல்மீன் பிடித்தலும். கணவாய்க்கான பெரிய மீன்பிடி அதற்கு வடக்கே, போக்லாந்துத் தீவுகளையும் ஆர்ஜென்டினாவையும் ஒட்டி நடக்கிறது. ஆகவே துருவப் பென்குயினின் கணவாய்க்கு நேரடிப் போட்டி குறைவு. கிரில் குறைந்தால் கணவாயும் குறையும் என்பதால் மறைமுகப் பாதிப்பு உண்டு.

19. அப்படியென்றால் கிரிலும் மீனும் குறைந்தால் பென்குயின் கணவாய்க்கு மாறிப் பிழைத்துக்கொள்ளும், இல்லையா?

பலர் இப்படி ஆறுதல் தேடுகிறார்கள். எளிதான மாற்றம் அல்ல. சின்ஸ்ட்ராப், அடேலி போன்றவற்றால் எட்டாம் பதிலில் சொன்ன ஆழங்களுக்குப் போக முடியாது. கணவாய்க்கும் கிரிலும் சிறு மீனும் வேண்டும். கணவாய்கள் பெரும்பாலும் குறுகிய ஆயுள் கொண்டவை, ஒருமுறை முட்டையிட்டு இறப்பவை. அவற்றின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட இரையை மட்டும் நம்பிக் குஞ்சு வளர்ப்பது கடினம்.

சக்கரவர்த்திப் பென்குயினுக்கோ உணவை முந்திக்கொண்டு பனி பிரச்சினையாகிறது. ஆண் பறவை குளிர்காலத்தில் 65 நாள் அளவு முட்டையைக் காலின் மேல் தாங்கி நிற்கிறது. துணை தேடிக் கரைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் 110 நாளுக்கு மேல் பட்டினி. பெண் பறவை கடலில் மீனும் கணவாயும் கிரிலும் தின்று திரும்பி வந்து குஞ்சுக்குக் கக்கிக் கொடுக்கிறது. இவ்வளவும் நடப்பது கடற்பனியின் மேல். குஞ்சுக்கு நீர் புகாத இறகு முளைக்கும் முன்பே பனி உடைந்தால் அது கடலில் விழுந்து இறக்கும். ஹலி விரிகுடாவில் 2016 முதல் இப்படி நேர்ந்தது. 2022இல் பெல்லிங்ஸ்ஹௌசன் கடலில் ஐந்து குடியிருப்புகளில் நான்கு அந்த ஆண்டின் குஞ்சுகளை இழந்தன. அங்கே கணவாய் எவ்வளவு இருந்தாலும் அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றியிருக்காது.

20. சேர், பாடசாலைச் செயற்திட்டத்துக்கு நாங்கள் இங்கிருந்து என்ன செய்யலாம்?

பென்குயின் வேண்டாம், கணவாய் போதும். சந்தையில் வாங்கும் ஊசிக்கணவாய்களில் சிறியதும் பெரியதுமாக முப்பது எடுங்கள். ஒவ்வொன்றின் உடற்கூட்டு நீளத்தையும் எடையையும் வெட்டுவதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அலகைப் பிதுக்கி எடுத்து, மேலலகையும் கீழலகையும் பிரித்து, பத்தாம் பதிலில் சொன்ன நீளத்தை வேர்ணியர் இடுக்கியால் அளவுங்கள். அலகின் நீளத்தைக் கிடை அச்சிலும் உடலின் எடையை நிலை அச்சிலும் வைத்து வரைபு வரையுங்கள். அது நேர்கோடாக வராது, வளையும். ஏன் வளைகிறது என்று யோசித்து, எடைக்குப் பதிலாக உடல் நீளத்தை வைத்து மறுபடி வரைந்து பாருங்கள்.

ஒரு இனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்கணவாயைக் கலந்தால் புள்ளிகள் சிதறும். அலகுகளை வெயிலில் காயவிடக் கூடாது, காய்ந்தால் சுருங்கி அளவு மாறிவிடும். ஆய்வுகூடத்தில் கேட்டு 70 வீத மதுசாரத்தில் போட்டு, இனத்தையும் வாங்கிய இடத்தையும் திகதியையும் பென்சிலால் எழுதிய தாளைப் போத்தலுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா மை மதுசாரத்தில் கரைந்துவிடும்.